பொண்ணை டூர் அனுப்பலாமா டாக்டர்?

1/ போன மாசம் ஓபியில ஒரு அப்பா என்கிட்ட ஒரு சர்டிபிகேட் கேட்டார். நான் எழுதித் தரல. ஆனா அவர் சொன்ன காரணத்தைக் கேட்டு அன்னிக்கு ராத்திரி எனக்குச் சரியா தூக்கம் வரல. கொஞ்சம் நீளமான இழை. காலேஜ் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுல எல்லாரும் படிக்கணும்னு எழுதுறேன்.

2/ நான் தர்மபுரி மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவமனை டாக்டர். பொறந்து வளர்ந்ததும் இந்த ஊர்தான். அந்த அப்பா லாரி டிரைவர். சுகர், பிரஷர் ரெண்டுக்கும் மாசாமாசம் மாத்திரை வாங்க வருவார். (ஆள் அடையாளம் தெரியாம இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கேன்.)

3/ அன்னிக்கு மகளையும் கூட்டிட்டு வந்திருந்தார். பொண்ணு கதவுகிட்டயே நின்னுடுச்சு.

"மேடம், பாப்பா செகண்ட் இயர் படிக்குதுங்க. காலேஜ்ல ஊட்டிக்கு மூணு நாள் டூர் போறாங்களாம். உடம்பு சரியில்லைன்னு ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுங்க. நான் வேணாம்னு சொன்னா அழுவுது. டாக்டர் சொன்னா ஒத்துக்கும்."

4/ "பொய் சர்டிபிகேட் எல்லாம் தர முடியாதுங்க அண்ணா. எதுக்கு அனுப்ப மாட்டேங்கிறீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க இந்த ஊருதானே மேடம்? இலக்கியம்பட்டி ஞாபகம் இல்லீங்களா?"

என்கிட்ட பதில் இல்லை.

5/ சின்னப் பசங்களுக்குத் தெரியாம இருக்கலாம். 2000 பிப்ரவரி 2. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவ, மாணவிகள் கல்விச் சுற்றுலாவா எங்க பக்கம் வந்திருந்தாங்க. மாணவிகள் ஒரு பஸ், மாணவர்கள் இன்னொரு பஸ்.

6/ அதே நாள் சென்னையில பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்குல ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது. (பின்னாளில் உயர்நீதிமன்றம் அந்த வழக்கில் அவரை விடுவித்தது.) தீர்ப்பை எதிர்த்து இங்கே மறியல். இலக்கியம்பட்டியில வண்டிகள் நின்னுச்சு. நின்ன வண்டிகள்ல மாணவிகளோட பஸ்ஸும் ஒண்ணு. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கும்போதே பெட்ரோல் ஊத்திக் கொளுத்தினாங்க.

7/ கோகிலவாணி, காயத்ரி, ஹேமலதா. மூணு பேரும் அந்த பஸ்லயே எரிஞ்சு இறந்தாங்க. பலருக்குத் தீக்காயம். இன்னொரு பஸ்ல வந்த கூடப் படிக்கிற பசங்க ஓடி வந்து முடிஞ்சவரைக்கும் பெண்களை வெளியே இழுத்தாங்க. அவங்க மட்டும் இல்லைன்னா எண்ணிக்கை மூணோட நின்னிருக்காது.

8/ அப்புறம் நடந்தது நீண்ட கதை. சாட்சிகள் பிறழ்ந்தாங்க. இறந்த பொண்ணு ஒருத்தியோட அப்பா கோர்ட்டுக்கு அலைஞ்சு, வழக்கு சேலத்துக்கு மாறுச்சு. 2007-ல சேலம் நீதிமன்றம் மூணு பேருக்குத் தூக்கு விதிச்சது. அதே வருஷம் உயர்நீதிமன்றமும், 2010-ல உச்ச நீதிமன்றமும் உறுதி செஞ்சது. 2016-ல உச்ச நீதிமன்றமே ஆயுள் தண்டனையா குறைச்சது. 2018 நவம்பர்ல அவங்க விடுதலை ஆனாங்க.

9/ நான் அரசு ஊழியர். கட்சி அரசியல் பேச வரல. தண்டனை கூடவா குறைவா என்பதும் என் வேலை இல்லை. அந்த நெருப்பு இன்னிக்கும் எங்க மாவட்டத்து வீடுகள்ல எங்கெங்க எரிஞ்சுக்கிட்டிருக்குன்னு மட்டும் சொல்ல வந்தேன். எங்க வீட்லயும் எரிஞ்சது.

10/ அப்போ நான் ஏழாம் வகுப்பு. அப்பா டவுன்ல மருந்துக்கடையில வேலை பார்த்தார். அன்னிக்கு ரொம்ப நேரம் கழிச்சு வந்தார். நேரா கொல்லைக்குப் போய்க் குளிச்சார். அம்மா போட்ட சோத்தைத் தொடல. என்னையும் தங்கச்சியையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு ஒண்ணும் பேசாம இருந்தார். என்ன நடந்துச்சுன்னு எங்களுக்கு மறுநாள் பேப்பர் பார்த்துதான் தெரியும்.

11/ 2005-ல எம்பிபிஎஸ் சேர்ந்தேன். முதல் வருஷப் பரீட்சை முடிஞ்சு பேட்ச் மொத்தமும் கொடைக்கானல் கிளம்புச்சு. வீட்டை விட்டு ஃப்ரெண்ட்ஸ் கூட முதல் டூர். அப்பாவுக்கு எஸ்டிடி போட்டுக் கேட்டேன். "வேணாம்மா" ன்னு ஒரு வார்த்தை. காரணம் கேட்டதுக்கு போனை வெச்சுட்டார்.

12/ ஃப்ரெண்ட்ஸ்கிட்ட "அப்பா விடல" ன்னு சொல்ல வெட்கம். காய்ச்சல்னு பொய் சொன்னேன். பஸ் கிளம்புற சத்தத்தை ஹாஸ்டல் ரூம்ல போர்வைக்குள்ள இருந்து கேட்டேன். இருபது வருஷம் ஆச்சு. இன்னிக்கும் ரீயூனியன்ல கொடைக்கானல் கதை வந்தா எல்லாரோடயும் சேர்ந்து நானும் சிரிப்பேன். ஆனா நான் அங்க இல்லை. ஒரு போட்டோல கூட இல்லை.

13/ "ஒரு டூர் போகலைன்னா என்ன குடி முழுகிடும்?" நியாயமான கேள்வி. போட்டோ போனா போகட்டும். ஆனா அந்த மூணு நாள்ல ஒரு பிள்ளை என்னென்ன கத்துக்குதுன்னு யோசிங்க. கையில இருக்கிற காசை மூணு நாளைக்குப் பிரிக்கிறது. கூட வந்தவளுக்கு வாந்தி எடுத்தா பார்த்துக்கிறது. பிடிக்காத இடத்துல "நான் வரலை" ன்னு சொல்றது. தெரியாத ஊர்ல வழி கேட்கிறது.

14/ இதெல்லாம் நான் 24 வயசுல, ஒரு மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல தனியா போஸ்டிங் போட்டப்போதான் கத்துக்கிட்டேன். ராத்திரி கதவு தட்டுற சத்தம் கேட்டா பிரசவக் கேஸா இருக்குமோன்னு பயப்படுறதுக்கு முன்னாடி, தனியா இருக்கோமேன்னு பயந்தேன். டாக்டருக்கு அது அழகில்லை. ஆனா பழக்கினாத்தானே வரும்?

15/ ரெண்டு வருஷம் முன்னாடிதான் அப்பா வாயைத் திறந்தார். "அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன்மா. அந்தப் பொண்ணுங்களோட அப்பனுங்களும் என்னை மாதிரிதானே பத்திரமா போய்ட்டு வான்னு பஸ் ஏத்தி விட்டிருப்பாங்க. அதுக்கப்புறம் உன்னை பஸ் ஏத்தி விட என்னால முடியல."

16/ அப்பா மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா அன்னிக்கு ஓபியில அந்த டிரைவர் அண்ணன்கிட்ட நான் சொன்னது இதுதான்: "அனுப்பினதுதான் தப்புன்னு நாம நினைச்சா, கொளுத்தினவன் செஞ்ச பாவத்தைக் கொண்டுபோய் அனுப்பின அப்பா தலையில வைக்கிறோம் அண்ணா. அந்த மூணு அப்பாவும் ஒரு தப்பும் பண்ணல. மகளைப் படிக்க அனுப்பினாங்க, அவ்வளவுதான்."

17/ அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். நான் இன்னொண்ணும் கேட்டேன். "பையன் இருக்கானா?"

"இருக்கான் மேடம். போன வருஷம் ஃப்ரெண்ட்ஸோட கோவா போய்ட்டு வந்தான்."

"எதுல போனான்?"

"பைக்ல."

கதவுகிட்ட நின்ன பொண்ணு முதல் தடவையா நிமிர்ந்து பார்த்துச்சு.

18/ இங்கதான் நம்ம கணக்கு தப்பாகுது. எமர்ஜென்சி டூட்டியில நான் பார்த்த சுற்றுலாக் கேஸ்கள்ல பெரும்பாலும் வர்றது யாரு? ஹெல்மெட் இல்லாத பைக் பசங்க. ஒகேனக்கல்ல குடிச்சுட்டு ஆத்துல இறங்கின பசங்க. செல்ஃபி எடுக்கப் பாறையில ஏறின பசங்க. ஆசிரியர் துணையோட, பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் காலேஜ் பஸ்ல போற பொண்ணுங்க அபூர்வம். யாருக்கு ஆபத்து அதிகமோ அவனை விட்டுட்டு, யாருக்குக் குறைவோ அவளைப் பூட்டி வைக்கிறோம்.

19/ ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். 2014 ஜூன்ல ஹைதராபாத் இன்ஜினியரிங் மாணவர்கள் இமாச்சலப் பிரதேசத்துக்கு டூர் போனாங்க. பியாஸ் ஆத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டிருக்கும்போது மேலே அணையிலிருந்து தண்ணி திறந்து, 24 மாணவர்கள் அடிச்சுட்டுப் போனாங்க. 2022 அக்டோபர்ல கேரளா வடக்கஞ்சேரி பக்கம், ஊட்டிக்கு ராத்திரியில கிளம்பின பள்ளிச் சுற்றுலா பஸ் அரசு பஸ் பின்னாடி மோதி 9 பேர் இறந்தாங்க.

20/ இந்த ரெண்டையும் கவனிங்க. ரெண்டுமே விதி இல்லை. ஒண்ணு, எச்சரிக்கை சரியா இல்லாம திறந்த தண்ணி. இன்னொண்ணு, ராத்திரியில அதிவேகம். ரெண்டையும் முன்கூட்டியே தடுத்திருக்கலாம். அதனால "அனுப்பலாமா?" ங்கிறதை விட்டுட்டு "எப்படி அனுப்பணும்?" னு கேளுங்க.

21/ நான் டிரைவர் அண்ணன்கிட்ட இதைக் கேட்டேன். "உங்களுக்கு ரோடு தெரியும். அந்த டூர் பஸ்ஸ நீங்க செக் பண்ணணும்னா என்ன பார்ப்பீங்க?" மனுஷன் நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐஞ்சு நிமிஷம் வகுப்பே எடுத்தார். நான் ஓபி சீட்டு பின்னாடி எழுதிக்கிட்டேன். அதுல என் பங்கும் சேர்த்து இங்க தர்றேன். சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.

22/ பஸ்: எஃப்சி, இன்ஷூரன்ஸ், பர்மிட் தேதி பாருங்க. டயர் வழவழன்னு இருந்தா ஏத்தாதீங்க. ரெண்டு டிரைவர் இருக்காங்களா? ராத்திரி 2 மணியிலிருந்து 5 மணி வரை எவ்வளவு பழகின டிரைவருக்கும் உடம்பு தூக்கத்தைக் கேட்கும். அது உடம்போட கடிகாரம், டீ குடிச்சு ஜெயிக்க முடியாது. ராத்திரி ஓட்டம் இல்லாத மாதிரி பிளான் போடச் சொல்லுங்க.

23/ மலை: அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன். "தொப்பூர் கணவாய்ல நான் பார்க்காத ஆக்சிடென்ட் இல்லீங்க. இறக்கத்துல டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விடுவான். அப்புறம் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருவான். சூடாயிப் புடிக்காது. ஏறின கியர்லயே இறங்கணும்." ஊட்டி மலைக்கும் இதேதான். டிரைவருக்கு மலைப்பாதை பழக்கமான்னு கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை.

24/ தீ: பஸ்ல ஏறின உடனே அவசர வழி எங்கே, அது திறக்குதான்னு பாருங்க. லக்கேஜ் வெச்சு அதை மறைக்கக் கூடாது. 2013-ல பெங்களூர்ல இருந்து ஹைதராபாத் போன பஸ் மகபூப்நகர் பக்கம் தீப்பிடிச்சு 45 பேர் இறந்தாங்க. மூடின பஸ்ல தீக்கு முன்னாடி புகையே ஆளை விழுத்தாட்டும். கார்பன் மோனாக்சைடு ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ரத்தத்துல ஒட்டிக்கும். மயக்கம் வர்றதே தெரியாது. அதனால குனிஞ்சு, உடனே, பையை விட்டுட்டு வெளியே. போன் எடுக்கத் திரும்பாதீங்க.

25/ தீக்காயம் பட்டா: ஓடுற சாதாரணத் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. ஐஸ் வேணாம், பேஸ்ட் வேணாம், இங்க் வேணாம், முட்டை வேணாம். மோதிரம், வளையல் வீங்குறதுக்கு முன்னாடி கழட்டுங்க. சுத்தமான துணியால மூடுங்க. குரல் கரகரப்பானாலோ, மூக்குல கரி தெரிஞ்சாலோ, வெளியே காயம் சின்னதா இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி. உள்ளே மூச்சுக்குழாய் வீங்கிக்கிட்டிருக்கும்.

26/ தண்ணி: ஒகேனக்கல் எங்க ஊர்தான், அதனால உரிமையோட சொல்றேன். மேலே கர்நாடக அணைகள்ல திறந்தா இங்கே காவிரி சட்டுனு ஏறும். நிர்வாகம் குளிக்கத் தடை போட்டா அது சும்மா போடல. பரிசல்ல லைஃப் ஜாக்கெட்டைக் கட்டாம போட்டோவுக்கு மட்டும் போடாதீங்க. நீச்சல் தெரிஞ்சவனும் பாறைச் சுழலுக்குள்ள போனா வர்றது கஷ்டம்.

27/ யாராவது மூழ்கினா நீங்க குதிக்காதீங்க. துப்பட்டா, கயிறு, காலி கேன், எதையாவது வீசுங்க. வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லைன்னா வயித்தை அமுக்காதீங்க, தலைகீழாத் தூக்காதீங்க. வாயோடு வாய் வெச்சு மூச்சும், நெஞ்சழுத்தமும், கூடவே 108-க்கு போனும். காலேஜ்ல டூருக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இதைச் சொல்லிக்குடுங்க. கூப்பிட்டா நாங்க வர்றோம்.

28/ பொண்ணுங்களுக்குத் தனியா ரெண்டு விஷயம். ஒண்ணு, வழியில டாய்லெட் இருக்காதுன்னு தண்ணியே குடிக்காம மூணு நாள் சமாளிக்கிறது. டூர் முடிஞ்ச வாரம் நீர்க்கடுப்பு, காய்ச்சல்னு ஓபிக்கு வர்றதைப் பார்க்கிறேன். ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல டாய்லெட் இருக்கிற இடத்துல பஸ் நிக்கணும். இதை ஆசிரியர்கள் பிளான்லயே எழுதணும். மாணவிகள் கூச்சப்பட்டுக் கேட்க மாட்டாங்க.

29/ ரெண்டு, பீரியட்ஸ் தள்ளிப்போட மாத்திரை. மெடிக்கல்ல நீங்களா வாங்கிப் போடாதீங்க. கிளம்புற நாள் போட்டா பெரும்பாலும் பலன் இல்லை. தேதிக்கு மூணு நாள் முன்னாடியே ஆரம்பிக்கணும். ரத்தக்கட்டு, கல்லீரல் பிரச்சினை இருந்தவங்க போடக் கூடாது. டாக்டர்கிட்ட வாங்க, திட்ட மாட்டோம். இல்லைன்னா ரெண்டு பாக்கெட் நாப்கின் எடுத்துட்டுத் தைரியமா கிளம்புங்க. பீரியட்ஸ்லயும் ஊட்டி ஊட்டிதான்.

30/ வலிப்பு, ஆஸ்துமா, சுகர், ஏதாவது ஒவ்வாமை இருந்தா மாத்திரை, இன்ஹேலர், இன்சுலினைக் கைப்பையில வைங்க, பஸ் டிக்கியில வேணாம். கூட இருக்கிற ஒரு ஃப்ரெண்டுக்காவது சொல்லி வைங்க. டூர்ல தூக்கம் கெட்டு, மாத்திரையும் விட்டா வலிப்பு வர வாய்ப்பு அதிகம். மறைச்சு வைக்கிற நோய்தான் ஆபத்து.

31/ பந்த், மறியல், கலவரம்னு தெரிஞ்சா பஸ்ஸ மேல ஓட்டாதீங்க. பக்கத்துல இருக்கிற போலீஸ் ஸ்டேஷன், கல்லூரி, கல்யாண மண்டபம், எங்கயாவது ஓரமா நிறுத்துங்க. ஒரு நாள் டூர் போனா போகட்டும். 2000-ல யார் கையிலயும் செல்போன் இல்லை. இப்ப இருக்கு. 112-க்கு அடிங்க.

32/ விபத்தைப் பார்த்தா நின்னு உதவுங்க. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, உதவி செஞ்சவரைப் பேரு, விலாசம் கேட்டு வற்புறுத்த முடியாது. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து 'நம்மைக் காக்கும் 48' திட்டத்துல சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரர்னு கேட்கிறதில்லை. பணத்துக்காகத் தயங்காதீங்க.

33/ இவ்வளவும் செஞ்சாலும் இலக்கியம்பட்டியைத் தடுத்திருக்க முடியுமா? முடியாது. அந்த பஸ்ல ஒரு குறையும் இல்லை. அந்த ஆசிரியர்கள் மேலயும் தப்பில்லை. அதைத் தடுக்க வேண்டியது, தலைவருக்காக ரோட்டை மறிக்கிறவங்களும், கூட்டத்துல ஒருத்தன் கேனைத் தூக்கிட்டு வரும்போது பார்த்துக்கிட்டு நின்னவங்களும். அதனால பையன் வெச்சிருக்கிற பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்.

34/ பொண்ணை வீட்டுல வைக்கச் செலவழிக்கிற அக்கறையில பாதியை, பையனை எந்தக் கூட்டத்துக்கு அனுப்புறோம்னு பார்க்கச் செலவழிங்க. "அடுத்தவன் பொண்டாட்டி, புள்ளைங்க போற வண்டியில கை வைக்காதடா" ன்னு ஒரு தடவை உட்கார வெச்சுச் சொல்லுங்க. மறியல்ல நிக்கிறது காலேஜ் பஸ் மட்டும் இல்லை. எங்க 108-ம் நிக்குது. உள்ளே இருக்கிறவர் உங்க மாமாவாக் கூட இருக்கலாம்.

35/ அந்த மூணு பொண்ணுங்க இருந்திருந்தா இன்னிக்கு நாற்பதுகள்ல இருப்பாங்க. வேளாண் அதிகாரியாவோ, விஞ்ஞானியாவோ இருந்திருக்கலாம். தங்களோட பேரைச் சொல்லி இன்னொரு பொண்ணை வீட்டுல அடைக்கிறதை அவங்க விரும்பியிருப்பாங்கன்னு எனக்குத் தோணல. அவங்களே ஊர் பார்க்கக் கிளம்பி வந்தவங்க.

36/ டிரைவர் அண்ணன் சர்டிபிகேட் இல்லாமலே எழுந்து போனார். அனுப்புறேன்னு சொல்லல, அனுப்ப மாட்டேன்னும் சொல்லல. வாசல்ல நின்னு மகள்கிட்ட ஒண்ணு கேட்டது மட்டும் காதுல விழுந்துச்சு: "அந்த பஸ்ஸு எந்த டிராவல்ஸ் பாப்பா?"

37/ இந்த மாசம் மாத்திரைக்கு வந்தார். கிளம்புற அன்னிக்கு விடிகாலை நாலு மணிக்கே காலேஜ் வாசலுக்குப் போயிட்டாராம். டயரைத் தட்டிப் பார்த்து, அவசரக் கதவைத் திறந்து பார்த்து, அங்க அடுக்கியிருந்த பேக்கை எல்லாம் எடுத்து வேற இடத்துல வெச்சு, டிரைவர்கிட்ட ஒரு டீயும் வாங்கிக் குடுத்துட்டு வந்திருக்கார். "மூணு நாளும் தூங்கலீங்க மேடம்" ன்னார். பிரஷர் கொஞ்சம் ஏறித்தான் இருந்துச்சு.

38/ ஒரு கவர் நீட்டினார். "பாப்பா உங்களுக்குன்னு வாங்கிட்டு வந்துச்சுங்க." ஊட்டி வர்க்கி.

"நீங்க சாப்பிடலையே?" ன்னேன். சிரிச்சார். சாப்பிட்டிருக்கார். சுகரும் ஏறியிருந்துச்சு. மாத்திரையை மாத்தல. ஒரு மாசம் பார்ப்போம்.

39/ வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு ஒரு வர்க்கி குடுத்தேன். யார் குடுத்ததுன்னு கேட்டார். முழுக் கதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "கொடைக்கானல் இப்ப போலாமாம்மா?" ன்னார். அடுத்த மாசம் லீவு போட்டிருக்கேன். பஸ்லதான் போறோம்.

உங்க வீட்டுலயும் ஒரு பொண்ணு டூருக்குக் கேட்டுக்கிட்டிருந்தா, விசாரிங்க, பஸ்ஸப் பாருங்க, அப்புறம் ஏத்தி விடுங்க.